அது யாருடைய பலகாரம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் ஃபின்லாந்துக் கட்டுரைகளைத் தொடர்ந்து படிக்கிறேன். சனிக்கிழமையானால் சவுனா என்னும் நீராவிக் குளியல், அவர்கள் சுதந்திர தினமான டிசம்பர் 6 மாலை சன்னலில் மெழுகுவத்தி, காலையில் கரேலியன் பீராக்கா என்ற பலகாரம் என்று அந்த ஊர்க்காரர் போலவே எழுதுகிறீர்கள். பிழைக்கப் போன இடத்தின்மேல் இவ்வளவு ஒட்டுதல் எப்படி? அது அவர்களுடைய அடையாளம் அல்லவா?

ஒரு வாசகர், திருச்சி

அன்புள்ள நண்பருக்கு,

சவுனாவை நம்மில் பலர் ஆடம்பரக் குளியல் என்று நினைக்கிறார்கள். சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாட்டில் 30 லட்சம் சவுனா அறைகள் இருப்பதாகச் சொல்வார்கள். முன்பு கிராமங்களில் பிரசவம் பார்த்தது அங்கேதான், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். அதனால் உள்ளே யாரும் குரலை உயர்த்துவதில்லை. சூடேறிய கற்கள்மேல் தண்ணீர் ஊற்றுமுன், உட்கார்ந்திருப்பவர்களைப் பார்த்து "ஊற்றட்டுமா?" என்று கேட்பார்கள். எனக்கு அந்த நாட்டைப் பிடித்துப்போனது இப்படிப்பட்ட பழக்கங்களால்தான்.

சரி, அவர்களுடைய அடையாளம் என்கிறீர்கள். பீராக்காவையே எடுத்துக்கொள்வோம். ரை என்ற தானியத்தின் மாவை வெளிச்சம் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தேய்த்து, பாலில் குழைய வெந்த அரிசிக் கஞ்சியை நடுவில் பரப்பி, ஓரத்தை விரல்நுனியால் கொசுவி ஓவனில் சுடுவார்கள். சூடு ஆறுமுன் உருக்கிய வெண்ணெய் தடவ வேண்டும். அவித்த முட்டையை வெண்ணெயோடு மசித்து மேலே வைத்தால் இன்னும் ருசி. அரிசி அங்கே விளைவதில்லை. அந்தக் காலத்தில் பார்லிக் கஞ்சிதான் வைத்தார்கள்.

இது ஃபின்லாந்தின் கிழக்கே உள்ள கரேலியா என்ற பகுதியின் பலகாரம். சோவியத் யூனியனுடன் நடந்த போர்களில் கரேலியாவின் பெரும்பகுதி கைவிட்டுப் போனது. 4 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் வீடுவாசலை விட்டு வந்தார்கள். நாடெங்கும் அவர்களைக் குடியமர்த்தினார்கள். போன இடமெல்லாம் அவர்கள் பீராக்கா சுட்டார்கள். இன்று எந்தக் கடையிலும் கிடைக்கிறது, எல்லாரும் தங்கள் பலகாரம் என்றே சொல்கிறார்கள். இடம்பெயர்ந்து வந்தவர்களின் சமையல் நாட்டுக்கே சொந்தமாகலாம் என்றால், அதைச் சுடப் பழகிய எனக்கும் அதில் பங்கு உண்டு என்றே நம்புகிறேன். கொசுவக் கற்றுக்கொடுத்த பக்கத்து வீட்டுப் பாட்டி நான் எந்த ஊர் என்று கேட்டதே இல்லை. ஓரம் தடித்துவிட்டால் மட்டும் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்வார்.

நீங்களும் செய்து பார்க்கலாம். ரை மாவு கிடைக்காவிட்டால் கோதுமை மாவு போதும், ருசி கொஞ்சம் மாறும். கஞ்சி கெட்டியாக இருக்கட்டும், ஆறிய பிறகு வையுங்கள். ஓவன் நல்ல சூட்டில் இருக்க வேண்டும்.

அன்புடன்.