ஒட்டாத மூக்கு – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஆறு அங்குல சூப்பர்ஹீரோ பொம்மைகளுக்கு மாற்றுத் தலை செய்து பார்க்கிறேன். மெழுகுவர்த்தியை உருக்கிச் செய்த மூன்று தலைகளும் வீணாகிவிட்டன. ஒன்று செதுக்கும்போதே பொடிந்தது. இன்னொன்றில் மூக்கு பெயர்ந்து விழுந்தது. மூன்றாவதை சிலிக்கான் அச்சிலிருந்து எடுக்கும்போது காது உள்ளேயே தங்கிவிட்டது. எந்தக் கம்பெனி மெழுகு வாங்கலாம்? 3டி பிரிண்டர் வந்த பிறகும் மெழுகோடு மல்லுக்கட்டுவது வீண் வேலையா?

கே.

அன்புள்ள கே.,

கம்பெனியை விடுங்கள். மெழுகுவர்த்தி பெரும்பாலும் பாரஃபின். ஆறினால் மொறுமொறுப்பாகிவிடும், கத்தி பட்டதும் செதில் செதிலாகத் தெறிக்கும். பல் மருத்துவச் சாமான்கள் விற்கும் கடையில் மாடலிங் மெழுகு ரோஸ் நிறத் தகடுகளாகக் கிடைக்கும், அதை வாங்குங்கள். லெக்ரான் கார்வர் (மெழுகு செதுக்கும் சிறு கருவி) ஒன்றும் ஸ்பிரிட் விளக்கு ஒன்றும் அங்கேயே வாங்கிவிடலாம். பிரிண்டர் வேண்டுமென்றால் அதையும் வாங்குங்கள், அது வேறு வேலை. 1970களின் கடைசியிலும் 80களிலும் கென்னர் கம்பெனியின் மூணேமுக்கால் அங்குல ஸ்டார் வார்ஸ் பொம்மைகளுக்கு மெழுகில்தான் மூல வடிவம் செதுக்கினார்கள். அதற்கு சிலிக்கான் அச்செடுத்து, யூரித்தேன் ரெசினில் (ஊற்றினால் இறுகிவிடும் திரவம்) பிரதி வார்த்து, பிறகுதான் தொழிற்சாலை அச்சுக்குப் போனார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைப் பிடித்து நிறுத்தியது அந்த மூக்குதான். அது விழுந்தது மெழுகின் குற்றமில்லை. நீங்கள் அதை ஒட்டியிருக்கிறீர்கள். மெழுகில் எதையும் ஒட்டக்கூடாது, உருக்கிச் சேர்க்க வேண்டும். இது தெரியாமல் எத்தனை உசத்தியான மெழுகு வாங்கினாலும் காசுக்குத்தான் கேடு.

ஆறிய முகத்தில் சூடான சொட்டு விழுந்ததும் என்ன ஆகிறது? தொட்ட இடத்திலேயே அதன் அடி உறைந்துவிடுகிறது. மேலே பார்த்தால் சேர்ந்த மாதிரி இருக்கும், அடியில் மயிரிழை இடைவெளி. செதுக்கும்போது கத்தியின் நுனி அந்த இடைவெளியைத் தேடிப் போய் நெம்பிவிடும். ஆகவே முதலில் மூக்கு வரும் இடத்தைக் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுங்கள். கார்வரைத் தீயில் காட்டி, கரியைத் துடைத்துவிட்டு, அந்த இடத்தில் வையுங்கள். கடுகளவு இடம் உருகிப் பளபளக்கும். அந்தப் பளபளப்பு அணைவதற்குள் அடுத்த சொட்டை அதன்மேல் விடவேண்டும். சொட்டைச் சுற்றி வளையம் தெரிந்தால் சேரவில்லை என்று அர்த்தம். சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி செய்யுங்கள். சோம்பல் கூடாது!

சேர்ந்ததும் உடனே கத்தி வைக்காதீர்கள். மேலே உறைந்திருந்தாலும் உள்ளே குழைவாக இருக்கும், மெழுகு இழுபடும். சாதாரணத் தண்ணீரில் இரண்டு நிமிடம் போட்டுத் துடைத்துவிட்டுச் செதுக்குங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம், விரிசல் விடும். ஆறங்குல பொம்மையின் தலை ஏறக்குறைய இரண்டு செண்டிமீட்டர்தான் இருக்கும். ஒரே பக்கத்தில் சூடு காட்டிக்கொண்டே இருந்தால் தாடை சரிந்துவிடும். மூக்கில் ஒரு சொட்டு, பிறகு பின்மண்டையில் கொஞ்ச நேரம் என்று மாறி மாறி வேலை செய்யுங்கள். உருக்கும்போது பாத்திரத்தை நேரடியாகத் தீயில் வைக்கவே வைக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். புகை வந்தால் தீப்பிடிக்கப்போகிறது என்று பொருள்.

சுவாமிமலை ஸ்தபதிகள் பஞ்சலோகச் சிலைக்கு மெழுகில்தான் முதலில் உருவம் செய்வார்கள். அதற்குத் தேன்மெழுகோடு குங்கிலியமும் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சுகிறார்கள். கை, ஆபரணம் எல்லாம் தனித்தனியாகச் செய்து, சூடான இரும்பை இணைப்பில் ஓட்டிச் சேர்ப்பார்கள். பிறகு அதன்மேல் வண்டல் மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றி, அந்த இடத்தில் உலோகம் ஊற்றுவார்கள். இணைப்பில் இடைவெளி விட்டால் மண் அதற்குள் புகுந்துவிடும், புகுந்த இடத்தில் உலோகம் ஓடாது. பொம்மைத் தலையானாலும் பஞ்சலோகமானாலும் இந்த விஷயத்தில் சலுகை கிடையாது.

கழுத்துக் குழி பற்றி நீங்கள் கேட்கவே இல்லை, ஆனால் அடுத்து அங்கேதான் மாட்டிக்கொள்வீர்கள். பொம்மையின் கழுத்துப் பந்தில் வாசலின் தடவி, குழைந்த மெழுகில் அழுத்தி எடுத்தால் குழி கிடைக்கும். வார்த்த ரெசின் பிளாஸ்டிக் போல வளைந்து கொடுக்காது. இறுக்கமாக இருந்தால் டிரில் போட்டு அகலப்படுத்துங்கள். தளர்ந்துவிட்டால் பந்தின்மேல் நிறமில்லாத நெயில் பாலிஷை ஒவ்வொரு பூச்சாகக் காயவிட்டுப் பூசுங்கள்.

மூன்றாவது தலை வீண் என்று யார் சொன்னது? மெழுகு உடைந்தால் உடையட்டும், உங்களுக்கு வேண்டியது அச்சு. அதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பல்குச்சியால் காதைக் கிளறி எடுங்கள். மிச்சமிருக்கும் மெழுகு, கை பொறுக்காத சூட்டில் இருக்கும் தண்ணீரில் அச்சைப் போட்டால் உருகி மிதந்து வந்துவிடும். பிறகு ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள், ஈரம் இருந்தால் யூரித்தேன் ரெசின் நுரைத்துவிடும். ரெசினை ஊற்றும்போது முதல் சொட்டைக் காது மடலுக்கும் மூக்கு நுனிக்கும் பல்குச்சியால் தள்ளிவிட்டு, காற்றுக் குமிழ் வெளியே வந்ததும் மீதியை ஊற்றுங்கள்.