வாசகர் கேள்வி பதில்: ஆங்கில ஆய்வுக் கட்டுரையை எங்கே, எப்படி அனுப்புவது?

கேள்வி: மலையக எழுத்தாளர் சி.வி. வேலுப்பிள்ளையின் ஆங்கில எழுத்துகளைப் பற்றி 60 பக்க ஆய்வேடு எழுதி முடித்திருக்கிறேன். மாநாடு ஒன்றுக்கு 300 சொல்லில் ஆய்வுச் சுருக்கம் கேட்கிறார்கள். மேற்பார்வையாளர் இரண்டு தடவை திருப்பித் தந்துவிட்டார். எங்கே பிழை?
– முதுமாணி மாணவி, ஹட்டன்

பதில்: ஆய்வேட்டின் முன்னுரையை வெட்டிச் சுருக்கியிருப்பீர்கள். பெரும்பாலானோர் அதைத்தான் செய்கிறார்கள். அப்போது பாதிச் சுருக்கம் தோட்ட வரலாற்றிலேயே போய்விடும், உங்கள் வாதம் கடைசி வரியில் தலைகாட்டும்.

தெரிவுக் குழு தேடுவது மூன்றைத்தான்: எந்தப் பிரதி, முன்னையவர்கள் அதைப் பற்றி என்ன சொன்னார்கள், நீங்கள் எதில் வேறுபடுகிறீர்கள். பின்னணிக்கு 50 சொல் போதும். முன்னைய ஆய்வுகள் தொடாமல் விட்ட இடத்துக்கு 40, வாதத்துக்கு 60. மிச்சத்தில் பெரும்பகுதியை எந்தெந்தப் பகுதிகளை எடுத்து வாசிக்கிறீர்கள் என்பதற்குக் கொடுங்கள். "ஆராய முயல்கிறது" என்று எழுதாதீர்கள். ஆய்வு முடிந்துவிட்டதே! கண்டதைச் சொல்லுங்கள்.

இன்னொன்று, முழு ஆய்வேட்டையும் அதற்குள் அடைக்காதீர்கள். மாநாட்டில் பேச வழக்கமாக ஒருவருக்குக் கிடைப்பது 20 நிமிடம். அதில் 5 நிமிடம் கேள்விகளுக்குப் போய்விடும். நிமிடத்துக்கு 125 சொல் என்று நிதானமாக வாசித்தால் 15 நிமிடத்தில் 1,900 சொல்லைத் தாண்ட முடியாது. ஓர் அத்தியாயத்தின் ஒரு பகுதிதான் அதில் அடங்கும். சுருக்கமும் அந்த அளவுக்கே வாக்குக் கொடுக்க வேண்டும்.

வெளிநாட்டுக் குழுவென்றால் லயம் (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு), பெரட்டு (வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது), கங்காணி (தொழிலாளர் மேற்பார்வையாளர்) போன்ற சொற்கள் முதன்முறை வரும் இடத்திலேயே நாலைந்து சொல்லில் விளக்கம் கொடுங்கள். மலையகத் தமிழர் பெரும்பாலோரை நாடற்றவராக்கிய 1948ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டத்துக்கு ஒரு வாக்கியம் வேண்டும், ஒரு பந்தி வேண்டாம்.

கேள்வி: "உங்கள் கட்டுரையை 5 நாளில் வெளியிடுகிறோம், கட்டணம் 100 டொலர்" என்று ஓர் ஆய்விதழ் மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறது. ஐ.எஸ்.எஸ்.என். எண்ணும் இருக்கிறது. கொடுக்கலாமா?
– உதவி விரிவுரையாளர், பதுளை

பதில்: கொடுக்காதீர்கள். ஐ.எஸ்.எஸ்.என். என்பது தொடர் வெளியீடு ஒன்றை அடையாளம் காட்டும் எண், அவ்வளவுதான். தரத்துக்கு அது சான்றாகாது. துறையறிந்த இருவர் ஒரு கட்டுரையை வாசித்துக் குறிப்பெழுதவே மாதக்கணக்கில் ஆகும். 5 நாளில் வெளிவருவதை யாரும் வாசித்திருக்க மாட்டார்கள்.

கடைசி இரண்டு இதழ்களின் பொருளடக்கத்தைத் திறந்து பாருங்கள். ஷேக்ஸ்பியருக்குப் பக்கத்தில் கால்நடை வளர்ப்பும் சீமெந்துக் கலவையும் இருந்தால் மூடிவிடலாம். ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கங்களுக்குப் போய், அவர்கள் இந்த இதழைக் குறிப்பிடுகிறார்களா என்று தேடுங்கள். தங்கள் பெயர் சேர்க்கப்பட்டது தெரியாமலே பட்டியலில் இருப்பவர்களும் உண்டு. ஆய்விதழ்களைப் பட்டியலிடும் தரவுத்தளங்களான ஸ்கோபஸ் அல்லது டி.ஓ.ஏ.ஜே. முத்திரையை நம்பாமல் அந்தப் பட்டியல்களுக்கே போய்த் தேடுங்கள், இரண்டையும் காசில்லாமல் பார்க்கலாம். அங்கே உள்ள இணைய முகவரியும் மின்னஞ்சலில் வந்த முகவரியும் ஒன்றா என்றும் பாருங்கள். நல்ல இதழின் பெயரையும் எண்ணையும் களவாடிப் போலித்தளம் நடத்துகிறவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்க நூலகர் ஜெஃப்ரி பீல் தொகுத்த போலி வெளியீட்டாளர் பட்டியலைச் சிலர் இன்னும் அனுப்பி வைப்பார்கள். 2017 ஜனவரியிலேயே அவர் அதை அகற்றிவிட்டார்.

நூறு டொலரோடு முடிகிற நட்டமும் அல்ல. அங்கே வெளிவந்த கட்டுரையை நல்ல இதழ் எதுவும் மறுபடி ஏற்காது. திரும்பப் பெறக் கேட்டால் அதற்கும் காசு கேட்பார்கள். ஆங்கில இலக்கியத்தில் மதிப்புள்ள இதழ்கள் பல, எழுதுபவரிடம் கட்டணமே வாங்குவதில்லை.

கேள்வி: மாநாடுகளுக்கும் இதழ்களுக்கும் கட்டுரை கேட்கும் அழைப்புகளை எங்கே தேடுவது? வெளிநாடு போகக் காசில்லை.
– ஆங்கில ஆசிரியை, நுவரெலியா

பதில்: பேராதனையிலிருந்து தொடங்குங்கள். அங்குள்ள மானிடவியல், சமூக விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவகம் ஆய்வு மாநாடு நடத்துகிறது. கற்பித்தல் சார்ந்த கட்டுரையென்றால் இலங்கை ஆங்கில மொழி ஆசிரியர் சங்கத்தின் மாநாடு பொருத்தம். உள்நாட்டு இதழ்கள் பலவற்றை 'ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன்' தளத்தில் ஒரே இடத்தில் பார்க்கலாம். வெளிநாட்டு அழைப்புகளுக்குப் பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆங்கிலத் துறையின் பட்டியல் இருக்கிறது. அதில் பின்காலனியப் பிரிவை மட்டும் தெரிந்தெடுத்தால் நேரம் மிச்சம். பொதுநலவாய இலக்கிய, மொழி ஆய்வுச் சங்கம் மூன்று ஆண்டுக்கொரு முறை கூடும். தவறவிட்டால் நீண்ட காத்திருப்பு.

பதிவுக் கட்டணம் கட்டுமுன் இரண்டு கேள்வி கேளுங்கள். இணையவழியில் வாசிக்க இடம் உண்டா? தொகுப்பில் சுருக்கம் மட்டும் வருமா, முழுக் கட்டுரையும் வருமா? முழுவதும் வந்துவிட்டால் அதையே பிறகு ஆய்விதழுக்கு அனுப்ப முடியாது. மழைக்காலத்தில் லைன் அறுந்துபோகும் ஊரில் இருக்கிறீர்கள், ஆகவே வாசிப்பைப் பதிவுசெய்து முன்கூட்டியே அனுப்பி வையுங்கள்.

கேள்வி: தேயிலைக் கொழுந்து பறிக்கும்போது பாடும் பாடல்களைத் தமிழிலேயே மேற்கோள் காட்டினேன். ஏதோ ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகிறது என்கிறார் இதழாசிரியர்.
– தலவாக்கலை வாசகர்

பதில்: பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டியிருப்பீர்கள். அது ஆங்கில விசைகளின் மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திய எழுத்துரு. அது இல்லாத கணினியில் உள்ளே கிடக்கும் ஆங்கில எழுத்துகள் வெளியே வந்துவிடும். யூனிகோடுக்கு மாற்றி, ஒவ்வொரு வரியையும் மறுபடி சரிபாருங்கள். மாற்றும்போது கொம்பும் காலும் இடம்மாறுவதுண்டு. கூடவே ஒரு பி.டி.எஃப். பிரதியும் அனுப்புங்கள்.

ரோமன் எழுத்தில் கேட்டால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் முறையைக் கடைசிவரை பின்பற்றுங்கள். ஒரு பக்கத்தில் ழகரத்துக்கு ஓர் எழுத்தும் அடுத்த பக்கத்தில் இன்னொன்றும் வரக்கூடாது. மொழிபெயர்ப்பு உங்களுடையது என்றால் முதல் மேற்கோளின் அடிக்குறிப்பில் ஒருமுறை சொல்லிவிடுங்கள். பாடியவர் உயிரோடு இருப்பவர் என்றால் அவருடைய சம்மதம் வேண்டும். பல்கலைக்கழக ஒழுக்கநெறிக் குழுவின் அனுமதியைப் பாடலை ஒலிப்பதிவு செய்யும் முன்பே எடுங்கள், பிறகு கேட்டால் பொதுவாகக் கிடைக்காது.

கேள்வி: கட்டுரை அனுப்பிய இதழிலிருந்து "பெரிய திருத்தம் தேவை" என்று வந்திருக்கிறது. மறுப்புத்தானே?
– கண்டி வாசகி

பதில்: இல்லை, கதவு திறந்துதான் இருக்கிறது. மதிப்பாய்வாளரின் ஒவ்வொரு குறிப்பையும் ஒரு அட்டவணையில் இட்டு, எதிரே என்ன செய்தீர்கள், எந்தப் பக்கம் என்று எழுதுங்கள். உடன்படாத இடத்தில் காரணத்தைப் பணிவாகச் சொல்லுங்கள், மௌனமாகத் தாண்டிப் போகாதீர்கள். எழுதியவர் யாரென்று மதிப்பாய்வாளருக்குத் தெரியாத முகமறியா மதிப்பாய்வு என்பதால் திருத்திய கோப்பின் விவரங்களிலிருந்தும் உங்கள் பெயரை நீக்குங்கள். பலர் முதல் பக்கத்தில் மட்டும் அழித்துவிட்டு அனுப்பிவிடுகிறார்கள்.