கல்மரம் சொல்லும் மழைக்கணக்கு: வாசகர் கேள்வி-பதில்

விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்மரங்களைப் பார்த்தோம். மரம் எப்படிக் கல்லாகும்?

வெள்ளத்தில் விழுந்த மரம் மணலுக்கும் வண்டலுக்கும் அடியில் புதைந்துவிட்டால் அங்கே காற்று போகாது, மரம் சீக்கிரம் மக்காது. சிலிக்கா (மணலில் இருக்கும் கனிமம்) கரைந்த நிலத்தடி நீர் மரத்துக்குள் ஊறி, ஒவ்வொரு செல்லிலும் படிந்து இறுகும். செல்சுவரின் வடிவம் அப்படியே நின்றுவிடும். சிவப்பும் மஞ்சளும் இரும்பு தந்த நிறங்கள்.

அங்கே நின்ற காடுதானே அது? ஏன் ஒரு வேரையும் கிளையையும் காணோம்?

நல்ல கேள்வி. பலர் இதைக் கவனிக்காமலே படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். மரங்கள் எல்லாம் படுத்தே கிடக்கின்றன. வேர் இல்லை, கிளை இல்லை, இலை இல்லை. அவை அங்கே வளர்ந்தவை அல்ல, ஆற்று வெள்ளம் வேறெங்கிருந்தோ உருட்டிக் கொண்டுவந்தவை என்பதற்கு அதுதான் சான்று. ஆகவே அந்த மரங்கள் காட்டும் காலநிலை, அவை கிடக்கும் இடத்துக்கு உரியதல்ல. ஆறு எங்கிருந்து வந்ததோ அந்த மேட்டு நிலத்துக்கு உரியது. பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் உள்ள 18 மீட்டர் மரம் இன்னும் தூரம் போயிருக்கிறது. அது கிடப்பது டைனோசர் காலத்துக் கடல் படிவுகளில். கரையில் வளர்ந்த மரம் கடலுக்கு மிதந்து வந்து அடியில் அமிழ்ந்திருக்கிறது.

கல்லைப் பார்த்து என்ன மரம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

வெளித்தோற்றத்தை வைத்துச் சொல்ல முடியாது. கல்லை வெட்டி, ஒளி ஊடுருவும் அளவுக்கு, அதாவது 0.03 மில்லிமீட்டர் வரை தேய்த்து நுண்ணோக்கியில் வைப்போம். குறுக்குவெட்டு ஒன்று, நெடுக்குவெட்டு இரண்டு என மூன்று வெட்டுகள் வேண்டும். பூக்கும் தாவரங்களின் மரத்தில் அகலமான நீர்க்குழாய்கள் வட்ட வட்டமாகத் தெரியும். ஊசியிலை மரங்களில் அவை இருக்காது, ஒரே சீரான மெல்லிய செல்கள்தான்.

திருவக்கரையை உள்ளடக்கிய கடலூர் மணற்கல் தொகுதியில் குங்கிலியம் தரும் மரங்களின் குடும்பம் அடையாளம் காணப்பட்டிருக்கிறது. பிசின் குழாய்கள் அதைக் காட்டிக்கொடுக்கும். அந்தக் குடும்பத்தில் பெரும்பாலானவை மழைக்காட்டு மரங்கள். தென்னிந்தியாவில் இன்று அவற்றைப் பார்க்க மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரமான சரிவுகளுக்குத்தான் போகவேண்டும். முட்புதர் நிறைந்த விழுப்புரம் பக்கத்து நிலத்தில் நின்றுகொண்டு இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கும். சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தப் பக்கத்து ஆறுகள் அப்படிப்பட்ட காடுகளின் வழியே ஓடியிருக்கின்றன.

வளையங்களை எண்ணினால் மரம் வாழ்ந்த காலநிலை தெரியுமா?

வளையம் இருக்கிறதா இல்லையா என்பதே முதல் செய்தி. ஆண்டு முழுக்கச் சூடும் ஈரமும் இருந்தால் பல மரங்களில் தெளிவான வளையம் விழாது. குளிரோ வறட்சியோ வளர்ச்சியை நிறுத்தினால்தான் கோடு விழும். அண்டார்டிகாவில் கிடைத்த, சுமார் 25 கோடி ஆண்டுக்கு முந்தைய கல்மரங்களில் வளையங்கள் மிகத் தெளிவாக உள்ளன. துருவத்துக்கு அருகே, மாதக்கணக்கில் இருண்ட குளிர்காலத்தைத் தாண்டி அந்த மரங்கள் வளர்ந்திருக்கின்றன! அதே காலத்து குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைப் படிவுகள் அண்டார்டிகாவிலும் இந்தியாவிலும் உண்டு. இரண்டும் ஒரே பெருங்கண்டமாக இருந்ததற்கு அது ஒரு சான்று.

கார்பன் முறையில் வயது பார்க்கலாமா?

முடியாது. சுமார் 50,000 ஆண்டுகளுக்கு மேல் அந்த முறை எட்டாது. சுற்றியுள்ள பாறையின் வயதைத்தான் பார்க்கிறோம்.

எங்கள் வயலில் ஒரு துண்டு கிடைத்தது. வீட்டுக்கு எடுத்து வரலாமா?

தயவுசெய்து வேண்டாம். திருவக்கரையும் சாத்தனூரும் தேசியப் புவியியல் நினைவிடங்கள், அங்கே எதையும் தொட்டு எடுக்கவே கூடாது. வயலில் கிடைத்ததென்றாலும் சரி, கிடந்த இடத்தைக் குறித்து, பக்கத்தில் ஒரு அளவுகோல் வைத்துப் படம் எடுத்து, அருகிலுள்ள கல்லூரியின் புவியியல் துறையிடம் காட்டுங்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்ற தகவல் போய்விட்டால் அந்தக் கல்லின் பாதிக் கதை போய்விடும்.