வா, வாங்க, வராதே: ஸ்பானிஷில் ஏவுவது எப்படி?

ராயபுரத்தில் எங்கள் மொட்டைமாடி வகுப்புக்கு வருகிறவர்கள் கேட்டதும், கப்பல் சமையற்கட்டில் ஸ்பானிஷ் கற்ற நான் சொன்னதும்.

அண்ணே, கிரவுண்டுல 'பாஸ் பண்ணு'ன்னு எப்படிக் கத்துறது? (வியாசர்பாடி)

'பாஸ' என்று கத்து தம்பி. 'அவன் பாஸ் பண்ணுகிறான்' என்பதற்கும் இதே சொல்தான். 'நீ' போட்டுப் பேசுகிறவரை ஏவ, நிகழ்காலத்தில் 'அவன்' வடிவத்தை அப்படியே எடுத்துக்கொள்: ஆப்ல (பேசு), கோமெ (சாப்பிடு). உன் அர்ஜென்டினாக்காரர்கள் மட்டும் கடைசியில் அழுத்தி 'பஸா' என்பார்கள்.

'பேசாதே'க்கு 'நோ ஆப்ல' சரியா? (பெரம்பூர்)

தப்பு. 'போ'வுக்கு மறுப்பு 'இல்லை போ' என்றா சொல்கிறோம்? 'போகாதே' என்று சொல்லே மாறுகிறது. அங்கேயும் 'நோ' போட்ட பிறகு வால் மாறும். 'அ' முடிவு 'எஸ்' ஆகும், 'எ' முடிவு 'அஸ்' ஆகும்: நோ ஆப்லெஸ், நோ கோமஸ்.

இதில் நானே மாட்டியிருக்கிறேன். ஒருநாள் குழம்பில் உப்பு கூடிப்போச்சு. தட்டோடு வந்தவனிடம் 'நோ கோமெ' என்றேன். அவன் பின்னால் திரும்பிப் பார்த்து, 'யாரு?' என்றான். 'அவன் சாப்பிடுவதில்லை' என்று அவன் காதில் விழுந்திருக்கிறது! அதற்குள் ஒரு கரண்டி வாய்க்குள் போய்விட்டது.

விதிக்கு அடங்காதவை எத்தனை சார்?

எட்டு. தி (சொல்), ஆஸ் (செய்), பெ (போ), போன் (வை), சால் (வெளியே போ), ஸே (இரு), தென் (வைத்துக்கொள்), பென் (வா). இங்கே 'பெ', 'பென்' இரண்டிலும் 'பஸ்'ஸில் வரும் ப. மனப்பாடம்தான், வேறு வழியில்லை.

'குந்து'ன்னு சொல்லணும்னா? (தண்டையார்பேட்டை)

சியென்ததெ. கடைசி 'தெ' என்றால் 'உன்னை'. 'குந்தாதே' என்னும்போது அந்த 'தெ' வாலிலிருந்து முன்னால் தாவிவிடும்: நோ தெ சியென்தெஸ்.

பெரியவங்ககிட்ட இப்படிப் பேசலாமாண்ணே?

கூடாதும்மா, அதற்கு மரியாதை வடிவம் தனி. நமக்கு வா, வாங்க. அவர்களுக்கு பென், பெங்க. தற்செயல்தான், ஆனால் மறக்காது. ஒன்றில் மட்டும் உஷார்: 'போங்க' என்றால் அங்கே 'வையுங்கள்'. சாமான் தூக்கிவந்த வீட்டில் அம்மாள் 'போங்க' என்றதும் கிளம்பிவிடாதீர்கள்.