எட்டாவது மாதத்தில் என் தோழியின் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிட்டது. நான் என்ன செய்யலாம்?

முதலில் நேரில் போய்ப் பாருங்கள். "என்ன சொல்றதுன்னு தெரியல, மனசு கேக்கல, வந்துட்டேன்" என்றால் போதும். "சின்ன வயசுதானே, அடுத்தது பிறக்கும்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அவர் இழந்தது இந்தக் குழந்தையை. பெயர் வைத்திருந்தால் அந்தப் பெயரைச் சொல்லியே பேசுங்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று, குழந்தை இல்லாவிட்டாலும் சில நாட்களில் பால் கட்டும். மார்பு கல்லாகி நைட்டி நனையும்போது எந்தத் தாயும் உடைந்துபோவாள். பால் வற்றுவதற்காக நம் வீடுகளில் மார்பில் மல்லிகைப்பூ வைத்துக் கட்டுவார்கள். ஐஸ் ஒத்தடமும் வலியைக் குறைக்கும். பாலை நிறுத்த மாத்திரை உண்டு, அதை டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும். காய்ச்சலோ சிவந்த வீக்கமோ வந்தால் உடனே அழைத்துப் போங்கள்.

அப்புறம் அவர் கணவர். ஆஸ்பத்திரி பில் கட்டி, பிள்ளையைத் துணியில் சுற்றி வாங்கி, புதைத்துவிட்டு வந்தவர் பெரும்பாலும் அவராகத்தான் இருப்பார். எல்லோரும் அவரிடம் "அவ எப்படி இருக்கா?" என்றே கேட்பார்கள். நீங்களாவது "நீங்க எப்படி இருக்கீங்க?" என்று கேளுங்கள்.

தோழி வேலைக்குப் போகிறவர் என்றால், இந்தியச் சட்டத்தில் இறந்து பிறந்த குழந்தையும் குழந்தைதான்; தகுதியிருந்தால் மகப்பேறு விடுப்பு உண்டு. 26 வாரத்துக்குள் நடக்கும் கருச்சிதைவுக்கு 6 வாரம். விண்ணப்பத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள்.

பிரசவத் தேதி என்று குறித்துக்கொடுத்த நாளில் ஒரு போன் செய்யுங்கள். வாரக்கணக்கில் தூக்கமோ சாப்பாடோ இல்லாமல் இருந்தால் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்; அரசின் மனநல உதவி சேவையான டெலி மானஸ் 14416 எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.