வீட்டுப் பாதையில் விழும் பனியைத் தள்ள, பிளேடு பொருத்திய ஏடிவி போதுமா?

சுமார் 80 மீட்டர் நீளமுள்ள சரளைக்கல் பாதை, கைவசம் 500 சிசி ஏடிவி (கரடுமுரடான நிலத்திலும் ஓடும் நான்கு சக்கரத் திறந்த வண்டி) ஒன்று. அதில் பிளேடு, அதாவது பனியைத் தள்ளும் அகலமான தகடு, பொருத்தினால் குளிர்காலம் முழுவதையும் சமாளிக்க முடியுமா, இல்லையேல் பனியை அள்ளி வீசும் இயந்திரம் தனியாக வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏறக்குறைய இதே அளவுள்ள வண்டியையும் இதைவிடச் சற்றே குறுகிய பாதையையும் வைத்துக்கொண்டு ஆறு குளிர்காலங்களைக் கடந்தவன் என்ற முறையில், சமாளிக்கலாம் என்றே சொல்வேன். ஆனால், தள்ளிய பனியைக் குவித்து வைக்கப் பாதையோரங்களில் தாராளமாக இடம் இருக்க வேண்டும். வீசும் இயந்திரம் பனியைப் பல மீட்டர் தூரத்துக்கு எறிந்துவிடும். பிளேடோ அதை ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்த்துகிறது, அவ்வளவுதான். பாதையின் இருபுறமும் சுவரோ வேலியோ நெருக்கமாக இருந்தால், மேற்கொண்டு படிக்காமல் வீசும் இயந்திரத்தையே வாங்கிவிடுங்கள்.

இந்த வேலைக்கு வண்டி தாங்குமா என்று யோசிக்கும்போது பெரும்பாலோர் எஞ்சினின் சிசியைத்தான் பார்க்கிறார்கள். நானும் அப்படித்தான் பார்த்தேன். எஞ்சின் திணறுவதற்கு வெகு முன்பே சக்கரங்கள் வழுக்கத் தொடங்கிவிடும் என்பது பாதையில் இறங்கிய பிறகே தெரிந்தது. ஒன்றரை மீட்டர் அகலப் பிளேடை நேராக வைத்து, 20 சென்டிமீட்டர் ஆழப் பனியை 10 மீட்டர் தூரம் தள்ளினால், வழியில் எதிர்ப்படும் பனி 3 கன மீட்டர். உலர்ந்த புதுப்பனி கன மீட்டருக்கு 100 கிலோ என்று வைத்துக்கொண்டால் அது 300 கிலோ ஆகிறது. ஏடிவியின் எடையே ஏறத்தாழ அவ்வளவுதான். நீர் கோத்த பனியாக இருந்தால் அதே 3 கன மீட்டர் 750 கிலோவைத் தொட்டுவிடும். ஆகவே பிளேடை ஒரு பக்கமாகச் சாய்த்து, பனி ஓரத்தில் வழிந்துகொண்டே போகும்படி ஓட்ட வேண்டும். 10 அல்லது 15 சென்டிமீட்டர் சேர்ந்ததுமே, பொழிவு நிற்கும்வரை காத்திராமல், ஒருமுறை தள்ளிவிட வேண்டும். விடிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போர்வைக்குள் கிடந்த நாள்களில், அரை மணி நேர வேலை இரண்டு மணி நேரமாக நீண்டதுண்டு.

பிளேடைச் சாய்த்தால் அது பனியைத் தள்ளும் அகலம் குறையும் என்பதையும் வாங்கும்போதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். 60 அங்குலப் பிளேடை 30 பாகை சாய்த்தால் சுமார் 52 அங்குலமே கிடைக்கும்; 48 அங்குலப் பிளேடானால் 42 அங்குலத்துக்கும் கீழே போய்விடும், அப்போது உங்கள் வண்டியின் சக்கரங்களே தள்ளாத பனியின்மேல் ஏறி அதை மிதித்து இறுக்கும். 500 சிசி வண்டிக்கு 60 அங்குலம் பொருத்தமானது. பிடிமானத்துக்குப் பின்சக்கரங்களில் சங்கிலி மாட்டுங்கள். வேறெந்தச் செலவும் இவ்வளவு பலன் தந்ததாக எனக்கு நினைவில்லை. மாட்டிய பிறகு சக்கரத்தைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றி, சங்கிலி எங்கேயும் உரசவில்லை என்று பார்த்துவிட வேண்டும். பின்புறத் தட்டில் இரண்டு மணல் மூட்டைகளை இறுகக் கட்டி வைப்பதும் உதவும், தட்டு தாங்கும் எடைக்குள் இருக்கும்வரை.

கியர் விஷயத்தில் இடமே கொடுக்காதீர்கள்: எப்போதும் குறைவேகக் கியரில், நான்கு சக்கர இயக்கத்தில், மனிதன் விரைந்து நடக்கும் வேகத்தில் ஓட்டுங்கள். இத்தகைய வண்டிகளில் பெரும்பாலானவை பெல்ட் மூலம் இயங்குபவை. உயர்வேகக் கியரில் மெதுவாகப் பாரம் தள்ளினால் பெல்ட் கப்பிகளுக்கு இடையே வழுக்கிச் சூடேறும். கருகிய ரப்பர் வாடை மூக்கில் ஏறியதும் நிறுத்திவிட வேண்டும். நான் நிறுத்தவில்லை, அந்தக் குளிர்காலத்திலேயே பெல்ட் மாற்ற நேர்ந்தது.

இனி வின்ச், அதாவது வண்டியின் முன்னால் இருந்து கயிற்றைச் சுற்றி இழுக்கும் மின்உருளை. பிளேடைத் தூக்கி இறக்குவது அதுதான் என்பதால், ஒரு காலைப் பொழுதிலேயே அது நூறு முறைக்கு மேல் இயங்க நேரிடும். வின்ச்சோடு வரும் இரும்புக் கம்பிக்கயிறு வண்டியைச் சேற்றிலிருந்து இழுக்க நல்லது. பிளேடு வேலைக்கு ஆகாது. ஏனென்றால் அதே ஒரு முழக் கயிறு, அதே உருளையின்மேல், மீண்டும் மீண்டும் மடங்கி நிமிர்கிறது. என் கயிற்றில் முதலில் ஒற்றை இழை முள்போல நீட்டிக்கொண்டு நின்றது. கையுறையைத் துளைத்து விரலைக் கீறியபோதுதான் கவனித்தேன். இரண்டு நாள் கழித்து, பாதையின் நட்டநடுவில், பிளேடு முழு உயரத்தில் இருந்தபோது கயிறு அறுந்தது. பிளேடு தொப்பென்று விழுந்தது, வண்டி அதன்மேல் முட்டி நின்றது. சட்டைப் பையில் இருந்த சரக்குக் கட்டும் நாடாவால் பிளேடை முன்கம்பியோடு கட்டி, எப்படியோ கொட்டகைக்கு ஓட்டிச் சேர்த்தேன். அதன் பிறகு அந்த இடத்தில் செயற்கை இழைக் கயிறு ஒரு துண்டைத்தான் பயன்படுத்துகிறேன். அது தேய்வது கண்ணுக்குத் தெரியும், மாற்றுவதும் ஐந்து நிமிட வேலை. பிளேடு உச்சியைத் தொட்ட பிறகும் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தால் கயிறு அறும் அல்லது பிளேடைத் தாங்கும் சட்டம் வளையும் என்பதையும் நினைவில் வையுங்கள். வின்ச் மின்சாரத்தைக் குடிக்கும். எஞ்சினோ குறைந்த சுழற்சியில் ஓடுவதால் அதை ஈடுகட்டாது, குளிரில் பேட்டரியின் திறனும் குறைந்திருக்கும். வேலை முடிந்ததும் சார்ஜரில் மாட்டிவிடுவது என் வழக்கம்.

உங்கள் பாதை சரளைக்கல் என்பதால், பிளேடின் அடியில் இரு முனைகளிலும் உள்ள சறுக்கு வட்டுகளைக் கழற்றாமல், விளிம்பு தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டரேனும் உயர்ந்திருக்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். முதல் ஓரிரு பொழிவுகளில் ஒரு மெல்லிய படலத்தை விட்டுவிட்டால் அது கற்களோடு சேர்ந்து உறைந்து நல்ல தளமாகிவிடும்; முழுவதும் சுரண்டப் போனால், வசந்தத்தில் புல்தரையிலிருந்து கற்களைப் பொறுக்க வேண்டியிருக்கும். பிளேடின் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள், கல்லிலோ வேரிலோ மோதும்போது பிளேடு மடங்கிக்கொடுப்பதற்காக உள்ளவை. மடங்குகிறதே என்று அவற்றை முறுக்கி இறுக்கினால், அந்த அடி நேரே வண்டியின் சட்டத்துக்குப் போகும். பனி மூடிய பிறகும் பாதையின் விளிம்பு தெரிய, தரை உறைவதற்கு முன்பே ஓரங்களில் உயரமான குச்சிகளை நட்டுவிடுங்கள்.

பனியைக் குவிக்கும் இடத்தைப் பற்றி எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை, அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறேன். முதல் வருடம், முதல் பொழிவு வெறும் கையளவுதானே என்று பாதையின் விளிம்பிலேயே ஒதுக்கிவிட்டேன். தள்ளும்போது நொறுங்கும் பனித்துகள்கள் ஒன்றோடொன்று பிணைந்து, ஒரே இரவில் கல்லாக இறுகிவிடுகின்றன. அடுத்த பொழிவை அந்தக் கரைக்கு அப்பால் தள்ள ஏடிவியால் முடியாது. ஒவ்வொரு பொழிவுக்கும் கரை ஒரு சாண் உள்ளே வர, குளிர்காலத்தின் பாதியிலேயே காரின் கதவைத் திறக்க இடமில்லாமல் போயிற்று; கடைசியில் மண்வெட்டிதான் கை கொடுத்தது. இப்போது முதல் பொழிவிலேயே, பாதையின் விளிம்பைத் தாண்டி ஒன்றரை மீட்டருக்குக் குறையாமல் தள்ளிவிடுகிறேன். குவியலின் அருகே வந்ததும், ஓட்டத்தை நிறுத்தாமலே பிளேடை மெல்ல உயர்த்தினால் பனி குவியலின்மேல் ஏறும்; வேகமெடுத்து வந்து குவியலை முட்டுவது வண்டியைத்தான் வளைக்கும். பொதுச்சாலைக்குள் தள்ளுவது பல இடங்களில் சட்டத்துக்குப் புறம்பானது, எங்கேயானாலும் ஆபத்தானது.

கொட்டகைக் கதவை ஒட்டிய பனிக்குப் பிளேடை அங்கே இறக்கிப் பின்னோக்கி இழுக்க வேண்டும். வின்ச்சால் தூக்கத்தான் முடியும், கீழ்நோக்கி அழுத்த முடியாது என்பதால், பிளேடின் சொந்த எடைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவுதான் வரும். மீதியை மண்வெட்டியால் எடுத்துவிடுங்கள். பின்னோக்கி வரும்போது ஒவ்வொரு முறையும் திரும்பிப் பாருங்கள், குழந்தைகள் பனியைக் கண்டால் எங்கிருந்தோ ஓடி வந்துவிடுவார்கள். தலைக்கவசம் கட்டாயம். மூடிய கொட்டகைக்குள் எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றாதீர்கள்.

வேலை முடிந்ததும், நிறுத்துவதற்கு முன் பிரேக்கைச் சில முறை பிடித்து விட்டு ஈரத்தை உலர்த்துங்கள், இல்லையேல் மறுநாள் சக்கரம் உறைந்து நிற்கும். பிளேடைத் தூக்கிய நிலையில் விட்டுச் செல்லாமல், ஒரு பழைய மரப்பலகையின்மேல் இறக்கி வையுங்கள். கயிற்றுக்கும் ஓய்வு, விளிம்பும் தரையோடு ஒட்டி உறையாது.