விங்டு ஐலைனர் இரண்டு கண்ணிலும் ஒன்றுபோல் அமைய

கேள்வி: ஆவணியில் உடுமலைப்பேட்டையில் என் அண்ணனுக்குத் திருமணம், நான்தான் இணைச்சீர்காரி (மணமகனோடு இணைச்சீர் சடங்கு செய்யும் சகோதரி). கண்ணின் வெளிமுனையில் இறக்கைபோல் நீட்டி வரையும் விங்டு ஐலைனர் போட்டுப் பழகி வருகிறேன். கண்ணோரத்தை விரலால் இழுத்துப் பிடித்து வரைந்தாலும் ஒரு பக்கம் ஏறி, மறுபக்கம் தொங்கிவிடுகிறது. இரண்டு மணி நேரத்தில் மை மேல் இமையிலும் ஒட்டிக்கொள்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, தாராபுரம்

பதில்: கண்ணோரத்தை இழுத்துப் பிடிப்பதுதான் முதல் சிக்கலுக்குக் காரணம். இழுத்த தோலில் நேராகத் தெரிகிற கோடு, விரலை எடுத்ததும் தோலோடு சேர்ந்து வளைந்துவிடும். இரு பக்கமும் ஒரே அளவு இழுக்க எவராலும் இயலாததால், கோடுகளும் இரு விதமாகவே அமையும்.

கண்ணாடியை முகத்துக்கு நேரே வைத்து, முழங்கையை மேசையில் ஊன்றி, சுண்டுவிரலைக் கன்னத்தில் பதித்துக்கொள்ளுங்கள். கண்களை இயல்பாகத் திறந்து நேராகப் பாருங்கள். கீழ் இமையின் விளிம்பு அப்படியே நீண்டால் புருவத்தின் வால் நோக்கி எந்தச் சாய்வில் போகுமோ, அந்தச் சாய்வில், கண்ணின் வெளிமுனையிலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளி, பழுப்பு நிற பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள். கோடு எதையும் தொடங்கும் முன் மறு கண்ணுக்கும் புள்ளி வைத்து, இரண்டடி பின்னே நகர்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். இந்த ஒரு நிமிடத்தைத் தயவுசெய்து மிச்சம் பிடிக்காதீர்கள். பட்டுப் புடவைக்கும் நகைக்கும் இந்தச் சிறிய நீளமே நளினம் என்பது என் கருத்து.

பிறகு வெளிமுனையிலிருந்து புள்ளிக்கு ஒரு கோடு, புள்ளியிலிருந்து மேல் இமையின் நடுப்பகுதிக்கு இன்னொரு கோடு. இடையில் உருவாகும் சிறு முக்கோணத்தை நிரப்புங்கள். இமை முடியை ஒட்டிய மெல்லிய கோட்டை மட்டும், கண்ணாடியைத் தாடைக்குக் கீழே வைத்துக் கீழ்நோக்கிப் பார்த்தபடி வரையலாம். உங்கள் இமையின் மடிப்பு வெளிமுனையை மூடுவதாக இருந்தால், மடிப்பின் மேலேயே, கண் திறந்த நிலையில் வரையுங்கள். கண்ணை மூடும்போது கோடு சற்று உடைந்து தெரிவதைப் பொருட்படுத்த வேண்டாம். பிசகினால் முழுவதையும் அழிக்காமல், மேக்கப் நீக்கும் திரவத்தில் நனைத்த பஞ்சுக் குச்சியால் இறக்கையின் கீழ் விளிம்பை, கண்ணுக்கும் காதுக்கும் இடையிலுள்ள நெற்றிப்பொட்டை நோக்கித் துடைத்தால், முனை கூர்மையாகிவிடும்.

மை ஒட்டுவதற்குக் காரணம் இமையில் ஊறும் எண்ணெய்ப்பசையும், அங்கே பூசிய கிரீமும்தான். டிஷ்யூவால் ஒற்றி எடுத்து, சிறிது பவுடர் போட்ட பிறகு, வாட்டர்புரூஃப் லிக்விட் ஐலைனரைப் பயன்படுத்தி, அது உலரும் வரை அரை நிமிடம் கீழ்நோக்கியே பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக உடுமலைப் பக்கம் வீசும் தென்மேற்குப் பருவக்காற்று ஆவணியிலும் முழுதாக ஓய்ந்திராது. அதில் கண் கலங்கினால் கீழ் இமையின் உள்விளிம்பில் இட்ட காஜல்தான் முதலில் வழியும். அன்று அதைத் தவிர்த்துவிடுங்கள். கண்ணீர் வந்தால் டிஷ்யூவின் முனையால் ஒற்றுங்கள், தேய்க்க வேண்டாம்.

மணமகள் அறையில் ஒரே ஐலைனரைப் பலரும் வாங்கிப் போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன்; அதனால் கண் தொற்று பரவும். உங்களுடையதை நீங்கள் மட்டுமே பயன்படுத்துங்கள், திறந்து ஆறு மாதம் கடந்ததைத் தொடாதீர்கள். இரவில் கலைக்கும்போது, எண்ணெய் கலந்த ரிமூவரில் நனைத்த பஞ்சை மூடிய இமைமேல் இருபது நொடி வைத்திருந்தாலே மை இளகி, தேய்க்காமலே வந்துவிடும்.